நீளச் சீற்றுப் பச்சைக் கார்

என் கணவர் சற்குணம் ஜெர்மனியில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவர். லண்டனுக்கு வந்த பிறகு மிச்சம் என்ற பகுதியில் டயர்க் கடை நடத்துகிறார். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகத்தான் அந்தப் பழைய அமெரிக்கக் காரை வாங்கினார் என்று நினைக்கிறேன்.

செவர்லே கம்பனி 1970இல் செய்த செவெல் என்ற கார், பச்சை நிறம். அந்தக் காலத்தில் அங்கே காரை, இறைச்சிக் கடையில் ஈரல் கொஞ்சம் எலும்பு கொஞ்சம் என்று சொல்லி வெட்டுவிப்பது போலத்தான் வாங்குவார்களாம். கேட்டதைத் தொழிற்சாலை பூட்டி அனுப்பும். எங்கள் காரை முதலில் வாங்கியவர் பெரிய எஞ்சின் கேட்டிருக்கிறார், காரின் தரையிலிருந்து எழும்பும் நாலு கியர்த் தடி கேட்டிருக்கிறார், பவர் ஸ்டியரிங்கும் கேட்டிருக்கிறார். பிறகு என்ன நினைத்தாரோ, ரேடியோ வேண்டாம், முன்னால் இரண்டு தனிச் சீற்றும் வேண்டாம், குடும்பக் காருக்குப் போடுகிற ஒரே நீளச் சீற்றுப் போதும் என்றுவிட்டார். பந்தயக் காருக்குள் வீட்டுச் சோபா.

"இப்பிடிச் சேர்த்துக் கேட்ட ஆக்கள் குறைவு, றோசு," என்பார் இவர்.

"விசரர் எல்லா ஊரிலயும் குறைவுதான்," என்பேன் நான்.

2009 பெப்ரவரியில் கொட்டிய பனியில் கடை வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது, கை முன்போல வளையவில்லை. அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், கியருக்கு வலக்கைதான் வேண்டும். ஸ்டியரிங்கை இடக்கையால் சமாளிப்பார். கியர் ஏலாது.

கோடை வந்தபோது, "ஓட ஏலாத காரை வைச்சு என்ன செய்யிறது?" என்று வட லண்டன் எட்மண்டனில் இருக்கும், பழைய கார்களில் பைத்தியமான பாஸ்கரனுக்குக் காரை விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். கோதாரி விழுந்த கார் என்று வாய் ஓயாமல் திட்டியவள் நான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

பாஸ்கரன் வருவதாகச் சொன்ன ஞாயிறன்று காரைக் கராஜிலிருந்து கடை வாசலுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இவர் ஏறி இருந்து கியர்த் தடியோடு மல்லுக்கட்டினார். வலியில் பல்லைக் கடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மற்றப் பக்கத்தால் ஏறி நடுவுக்கு நகர்ந்தேன். தடி என் முழங்காலோடு நின்றது.

"நீங்கள் கிளச்சை அமத்துங்கோ. எங்கை தள்ளவேணும் எண்டு சொல்லுங்கோ, நான் போடுறன்."

முதலில் நறநறவென்று அரைத்தது. "மெதுவா, மெதுவா," என்றார். ட்ராம் பாதையைக் கடக்கும்போது கியர் போடுவது எனக்குப் பிடிபட்டுவிட்டது. கடை வந்தது, இவர் நிறுத்தவில்லை. பெரிய புல்வெளியைச் சுற்றி ஓடினோம். எங்கள் மற்றக் காரில் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஹேண்ட்பிரேக் இருக்கும். இதில் அவருடைய தோள் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது, இந்த வயதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வர, பாஸ்கரன் கடை வாசலில் நின்றார். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"எல்லாம் வடிவாயிருக்கு அண்ணை. உந்தச் சீற்றைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ரெண்டு தனிச் சீற்று போட்டால் சரி."

இவர் கொடுத்த வாக்கை மீறுகிற மனிதர் இல்லை. நான்தான் பேசினேன்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. கார் விக்கேல்லை."

"அண்ணையாலை கியர் போட ஏலாதெல்லோ, அக்கா?"

"அதுக்குத்தான் நான் இருக்கிறன்," என்றேன். நடுவிலிருந்து நான் இறங்கவேயில்லை.