லேபிள் அக்காவும் திறக்காத லேப்டாப்பும்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. இருபத்தாறு வருட வேலையில் அவள் லேபிள் ஒட்டாமல் விட்ட பொருள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. சுவிட்சுக்கு ஒன்று, குப்பைத் தொட்டிக்கு ஒன்று, தன் நாற்காலிக்கு அடியில் ஒன்று. வீட்டிலும் சர்க்கரை டப்பா, உப்பு டப்பா எல்லாம் அவள் கையெழுத்தோடுதான் இருக்கும். "என் முதுகுல எப்ப ஒட்டப் போற?" என்று கணவர் கேட்பார். "நீங்க எங்கயும் தொலைய மாட்டீங்க, உங்களுக்கு எதுக்கு?" என்பாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. சாயங்காலம் கிளம்பும்போது, பெயரும் தேதியும் எழுதாத பாட்டில் மேசைமேல் இருந்தால் என்ன ஏது என்று கேட்காமல் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். யாருடையது என்று தெரியாத தண்ணீரைச் சோதித்து முடிவு எழுதினால், நாளைக்கு அதைக் குடிக்கிறவன் கதி என்ன? நல்ல விதிதான். மற்றவர்கள் அதை முடிந்தவரை கடைப்பிடித்தார்கள். லேபிள் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைப்பிடித்தாள். கூட வேலை செய்பவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போன அரை நாள் உழைப்பையெல்லாம் ஈவிரக்கம் இல்லாமல் கொட்டியிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவளின் லேப்டாப்தான் நான்கு வாரமாகக் காலையில் மக்கர் பண்ணியது. லேப்டாப் என்னவோ திறக்கும். பரிசோதனை இயந்திரத்திடமிருந்து அளவுகளை வாங்கி அறிக்கை தயாரிக்கிற மென்பொருள் மட்டும் திறக்காது. ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, தொடங்கத் தேவையான தகவல் கிடைக்கவில்லை என்று சொல்லும். சரி என்று அமுக்கினால் பெட்டி மறையும், அதோடு மென்பொருளும் மறையும். மறுபடி தட்டினால் மறுபடி அதே பெட்டி. அதற்குள் பள்ளிக்கூடங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அறிக்கை வாங்க ஆட்கள் வந்து வாசலில் நிற்பார்கள்.

பழுது பார்க்க வருகிறவனுக்கு வயர் தம்பி என்று பெயர். எந்நேரமும் கழுத்தில் ஒரு வயரைத் துண்டு மாதிரி போட்டிருப்பான். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா, வெளி நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தில் அனுப்பிய ஆள். முதல் நாள் மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டான். ஜம்மென்று திறந்தது, நாள் முழுக்க ஓடியது. மறுநாள் காலை அதே பெட்டி. வைரஸ் தேடினான், கிடைக்கவில்லை. லேப்டாப்பின் உள் பாகம் ஒன்றையே மாற்றிப் பார்த்தான். தலைகீழாக நின்று பார்த்தான் என்றே சொல்லலாம். அவன் கை வைத்த நாளெல்லாம் ஓடும், விடிந்தால் பழைய குருடி கதைதான். "பேசாம ராத்திரி அணைக்காம விட்டுட்டுப் போங்கக்கா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "அணைக்காமலா? விதி எதுக்கு இருக்கு?" என்று லேபிள் அக்கா பாய்ந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, வயர் தம்பி தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. தினமும் ஒரு ஃபைல் காணாமப் போகுது. அது இல்லாமத்தான் திறக்க மாட்டேங்குது. நீங்க ஏதாவது அழிக்கிறீங்களா?"

அவ்வளவுதான். அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். இதுவரைக்கும் ஒரு ரிப்போர்ட் என் கையால தொலைஞ்சிருக்கா, கேட்டுப் பாரு. உனக்கு வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. என் தலையில கட்டாத!" கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கழுத்து வயரைத் திருகிக்கொண்டு, "இல்லக்கா, சும்மாதான் கேட்டேன்" என்று பின்வாங்கினான்.

கோபம் ஆறுவதற்குள் மேனேஜர் ஒரு கடிதத்தோடு வந்தார். நான்கு வாரமாக ஒரே பழுது, அனுப்பிய ஆளுக்குத் திறமை போதாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவன் நிறுவனத்துக்கு எழுதியிருந்தது. "நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா கனமா இருக்கும்" என்றார். லேபிள் அக்கா போட்டாள். போட்டதோடு நிற்காமல், "கேட்டால் எங்கள் மேலேயே பழி போடுகிறார்" என்று ஒரு வரியும் தன் கையாலேயே சேர்த்தாள். பத்து நிமிடத்தில் கடிதம் போய்விட்டது.

அது தெரியாத வயர் தம்பி, அன்றைக்கும் மென்பொருளைச் சரி பண்ணிவிட்டு, காணாமல் போகிற அந்த ஃபைலின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வைத்தான். மூன்று எழுத்து, ஒரு கோடு, நான்கு எண். "நாளைக்குக் காலையில இது இருக்கான்னு மட்டும் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் மேசையைத் துடைத்தாள், பாட்டில்களைப் பார்த்தாள், வழக்கம்போல லேப்டாப்பையும் சுத்தம் பண்ண உட்கார்ந்தாள். அன்றைய அறிக்கைகள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் விழும். ஒவ்வொன்றின் பெயரிலும் பாட்டில் எண் இருக்கும், தேதி இருக்கும், சோதித்தவர் பெயர் இருக்கும். அவற்றுக்கு நடுவே, மென்பொருளின் புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து, ஊரும் பேரும் தெரியாத ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கும். பாட்டிலுக்கு என்ன விதியோ அதுதான் அதற்கும் என்று, தினமும் கிளம்பும்போது அதைத் தூக்கிப் போட்டு, போட்ட தொட்டியையும் காலி பண்ணிவிட்டுப் போவாள். அதை அழிப்பது என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. சுத்தம் என்றுதான் நினைத்தாள்.

விரல் பொத்தான்மேல் இருக்கும்போதுதான் கண் துண்டுத்தாள் பக்கம் போனது. மூன்று எழுத்து, ஒரு கோடு, நான்கு எண்.

யாரும் இல்லாத அறையில் அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. காலையில் கத்திய கத்தல் தன் குரலிலேயே திரும்பக் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கத்தியதைக்கூட மறந்துவிடலாம், அந்த ஒரு வரியை என்ன செய்வது? யாரும் கேட்காமல், தானாகச் சேர்த்த வரி. லேப்டாப்பை மெதுவாக மூடினாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மென்பொருள் திறந்தது. புதன்கிழமையும் திறந்தது. "கடைசியில சரி பண்ணிட்டாம்ப்பா" என்று பக்கத்து மேசைக்காரி சொன்னபோது, லேபிள் அக்கா "ஆமா" என்றாள். அந்த ஆமாவைச் சொல்லிவிட்டு அன்றைக்கு மதியம் அவளால் டிபன் பாக்ஸைத் திறக்க முடியவில்லை. சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் நாளை என்று தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது கனத்துக்கொண்டே போனது. இத்தனை பேரை விரட்டி விரட்டித் திருத்தியவள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?

வயர் தம்பிதான் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. கூப்பிடாமலேயே காலை எட்டரைக்கு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். மென்பொருள் திறக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். திறந்ததும் விடுவான். வியாழக்கிழமையும் அப்படியே நின்றுவிட்டுச் சொன்னான். "என்ன பண்ணி சரியாச்சுன்னு எனக்கே புரியலக்கா. அது தெரியாம தூக்கமே வரல. திரும்ப வந்துட்டா என்ன பண்றதுன்னே தெரியாதே."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு" என்றான். "சனிக்கிழமையோட இங்க வர வேணாம்னுட்டாங்க. நீங்க எழுதினதுல தப்பில்லக்கா. நாலு வாரம் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலதானே. நானும் இந்த வேலையே வேணாம்னு வீட்டுல சொல்லிட்டேன். மச்சான் கடையில போய் நிக்கப் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் எப்படியாவது தாங்கியிருப்பாள். அவன் உண்மையிலேயே நம்பிச் சொன்னான். லேபிள் அக்கா எழுந்து, "வா என்கூட" என்று அவனை மேனேஜர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், லேப்டாப்ல பழுதே இல்ல. தினமும் சாயங்காலம் நான்தான் அந்த ஃபைலைக் குப்பைன்னு அழிச்சிருக்கேன். திங்கட்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் மூணு நாளா வாயைத் திறக்கல. அந்தக் கடுதாசி பொய்னு இப்பவே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் வயர் தம்பியின் பக்கம் திரும்பினாள். திட்டட்டும், நாலு பேர் கேட்கத் திட்டட்டும் என்றுதான் நின்றாள். அவன் முகத்திலோ சிரிப்பு பரவிக்கொண்டிருந்தது. "அப்போ நான் போட்டதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேனா அக்கா? ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் போட்டிருக்க."

அவன் வாசலுக்கு ஓடாத குறையாகப் போய் மனைவிக்குப் போன் போட்டான். லேபிள் அக்கா பின்னாலேயே போனாள். "ஏய், எனக்கு வேலை தெரியும்டி! என் மேல தப்பே இல்லியாம்... இல்ல இல்ல, யாரும் எதுவும் பண்ணல. ஒரு சின்ன ஃபைல், அது பாட்டுக்குத் தானா அழிஞ்சிருக்கு." அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னான். தன் மானத்தை அவன் மூடி மறைக்கிறான் என்று புரிந்ததும் அவளுக்கு உடம்பே கூசிப்போனது.

"போனைக் குடு தம்பி" என்று கை நீட்டினாள்.

"அம்மாடி, நான் இங்க வேலை பாக்கறவ பேசறேன். அது தானா அழியல. நான்தான் அழிச்சேன். உன் வீட்டுக்காரர் வந்து மரியாதையாத்தான் கேட்டார். கேட்டதுக்கு அவரை எல்லார் முன்னாலயும் திட்டினேன், மேல எழுதியும் போட்டேன்."

"நாலு நாளா அவர் சரியாச் சாப்பிடலைங்க" என்றாள் அந்தப் பெண்.

மன்னிப்புக் கேட்கத்தான் லேபிள் அக்கா போனை வாங்கியிருந்தாள். கேட்காமலேயே அதைக் காதில் வைத்தபடி நின்றாள்.