கடல் ஆட்டம் என்று நினைத்தோம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆடித் தள்ளுபடி சூடு பிடித்திருந்த நேரம். மன்னார்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பத்துக்கு ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, வலது காது திடீரென்று அடைத்துக்கொண்டது. உள்ளே ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல். அடுத்த நொடி அலமாரிகள் எல்லாம் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தன. விழுந்தது தெரிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. வாந்தி வேறு. நல்லவேளை, பட்டுச் சேலை தப்பித்தது.

“என்னம்மா, ஏதாவது விசேஷமா?” என்று கல்யாண வீட்டு அம்மா ஒருவர் சிரித்தார். எனக்கு அப்போதே எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருந்தாள். வாயைத் திறக்கத் தெம்பு இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு நன்றாகப் பதில் சொல்லியிருப்பேன்.

பித்தம் என்றார்கள், ரத்தம் போதவில்லை என்றார்கள். இஞ்சிச் சாறும் பேரீச்சம்பழமும் தின்றதுதான் மிச்சம். தலைச்சுற்றல் மறுபடியும் வந்தது. என் கணவர் மீன் லோடு வண்டி ஓட்டுகிறார். அந்த வண்டியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனார்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்தார்கள். இன்னும் இரண்டு மூன்று பரிசோதனைகள். எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா, இது மெனியர் என்ற நோய், உள் காதில் இருக்கும் நீரில் ஏற்படும் கோளாறு, முழுதாகப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

“வீட்ல வேற யாருக்காச்சும் இது மாதிரி இருக்கா? அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க?”

“இல்லீங்க டாக்டர். அப்பாவுக்குத் தலை சுத்தும். ஆனா அது கடல் ஆட்டம்.”

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்படி என்றால் என்ன என்று கேட்டார். நான் விளக்கினேன். நாங்கள் கோடியக்கரைப் பக்கம் மீனவக் குடும்பம். படகில் போய்விட்டுக் கரை இறங்கினால் கொஞ்ச நேரம் தரையும் ஆடுகிற மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அது கொஞ்சம் அதிகம். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக் கிடப்பார், வாந்தி எடுப்பார். அம்மா எலுமிச்சம்பழத்தை அரிந்து மூக்கில் காட்டுவார். காது மந்தம், அது இன்ஜின் சத்தத்தால். எங்கள் வீட்டில் இதெல்லாம் சாதாரணம் என்று சொன்னேன்.

“கடலுக்குப் போகாத நாள்ல வருமா?”

பட்டென்று ‘வராது’ என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கும்போதும் அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். என் கல்யாண மேடையில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ‘கடல் உடம்புலயே ஊறிப்போச்சு’ என்று எல்லோரும் பெருமையாகச் சிரித்தோம்.

“மந்தம் ரெண்டு காதுலயுமா?”

“வலது காதுல மட்டும்தாங்க.”

“இன்ஜின் சத்தம்னா பெரும்பாலும் ரெண்டு காதையுமே பாதிக்கும்மா. சரி, நீங்க படகுல போனதுண்டா?”

எங்கள் ஊரில் பெண்கள் மீன்பிடிப் படகில் ஏறக் கூடாது. விளையாட்டுக்குக்கூட ஏறியதில்லை. படகே ஏறாத எனக்கு எங்கிருந்து வரும் கடல் ஆட்டம்?

“எல்லாருக்கும் குடும்ப வழியா வர்றதில்ல. சில குடும்பங்கள்ல வரும். அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்க” என்றார்.

அப்பா இல்லை. எனக்குக் கல்யாணமான மறு வருடம், மாசி மாதத்தில், கடல் குளம் மாதிரி கிடந்த ஒரு நாளில் போய்விட்டார். படகுக்கு அடியில் சுழலும் இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, எடுத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவர். கூட இருந்தவர்கள் கண்ணெதிரே, மேலே வர வேண்டியவர் கீழே நீந்திப் போனார். கடலம்மா கூப்பிட்டுக்கொண்டாள் என்றுதான் ஊரே சொன்னது. நாங்களும் நம்பினோம். மீன் மாதிரி நீந்துகிற மனிதர் பின்னே எப்படி முழுகுவார்?

இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா தண்ணிக்குள்ள இருக்கும்போது சுத்தல் வந்தா, மேல எது கீழ எதுன்னு தெரியாது” என்றார் மெதுவாக.

அழுகைகூட வரவில்லை. யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. அப்பா மேலே வருவதாக நினைத்துக்கொண்டுதான் கீழே போயிருக்கிறார்.

வண்டியில் ஏறிய பிறகுதான் என் கணவர் கேட்டார். “ஒன் தம்பி இப்பல்லாம் போனை எடது காதுலதானே வச்சுப் பேசறான்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குப் பிறகு கடலுக்குப் போவது அவன்தான். போன வாரம் அம்மா போனில் சொன்னார், தம்பிக்குக் கடல் ஆட்டமாம், அப்படியே அப்பாவை உரித்து வைத்திருக்கிறானாம். தம்பியைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மாவைக் கூப்பிட்டேன்.

“நேத்து கொஞ்சம் ஆட்டமாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு பரவால்லம்மான்னு விடியலிலேயே கெளம்பிட்டான். ஏண்டி, எதுக்குக் கேக்குற?”

வண்டி நேரே கரைக்குத்தான் போனது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், எந்த ஊர் எப்போது வந்தது என்று தெரியாது. வேண்டாத சாமி இல்லை. கரையில் அம்மாவை உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா எப்படிப் போயிருப்பார் என்பதையும் சொன்னேன். அம்மா மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்போது தம்பியின் படகு வந்தது. அவன் நின்றுகொண்டு வரவில்லை. வலைக் குவியலின்மேல் கண்ணை மூடிப் படுத்திருந்தான். வலை இழுக்கக் குனிந்தவன் அப்படியே தலைகுப்புறச் சாய்ந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவர் பனியனைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும். இருவர் தோளில் தொங்கியபடி இறங்கியவன் என்னைப் பார்த்து இளித்தான். “ஒண்ணுமில்லக்கா, கடல் ஆட்டம்.”

அம்மா எழுந்து போய் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். “கடலு இல்லடா, காது. ஒங்கப்பாவும் காதாலதான் போயிருக்காரு. இனிமே படகுல கால வச்சே, நான் இந்தத் தண்ணியில எறங்கிருவேன்.”

தம்பி ரொம்ப முரண்டு பிடித்தான். பரிசோதனையில் அவனுக்கும் அதே நோய்தான் என்று தெரிந்த பிறகே அடங்கினான். இப்போது கரையில் இன்ஜின் பழுது பார்க்கிறான். எங்கள் இருவருக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டுக் கருவாட்டைத் தொடக் கூடாதாம்! “என்னக் கரையில கட்டிப் போட்டுட்ட” என்று இன்றும் என்னிடம் முறைத்துக்கொள்கிறான். முறைக்கட்டும், முறைக்க ஆள் இருக்கிறானே.

என் மகளுக்கு வருமா என்று கேட்டதற்கு, வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. காது அடைத்தால், இரைச்சல் கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்ல யாருக்கும் தெரியாது. இந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்று ஒரே ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருந்தால், அந்த மாசி மாதம் அவர் தண்ணீரில் இறங்கியிருக்கவே மாட்டாரே.