நடுவில் வந்து உட்கார்ந்தவர்

அமெரிக்காவில், சன்னிவேல் போகும் ரயிலில் நானும் மனைவியும் நடுவில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். ஊருக்கே திரும்பிவிடலாம் என்பது அவள் கட்சி.

“கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் டிசைட் பண்ணலாம்” என்றேன்.

“வருஷா வருஷம் இதையே சொல்லுங்க. எங்கப்பா அதுவரைக்கும் வெயிட் பண்ணுவாரா?”

எதிரில் இருந்த வெள்ளைக்காரர் எழுந்து வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். நரைத்த தாடி, சட்டையில் ஓக் மர இலை வடிவில் ஒரு பித்தளை பேட்ஜ். தமிழ் தெரியாதவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசினார். ஐரோப்பாவின் பழைய கெல்டிக் இனத்துப் பூசாரிகளான ட்ரூயிட்களின் வழியில் நடப்பவராம். இரண்டு படைகள் வாளை உருவி நிற்கும்போது ட்ரூயிட்கள் நடுவே போய் நிற்பார்களாம், சண்டை நின்றுவிடுமாம்.

“யார் பக்கம் நியாயம் என்று பார்க்க மாட்டார்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“தீர்ப்புச் சொல்வதும் அவர்கள் வேலைதான். ஆனால் அதைக் கேட்க இரண்டு பக்கமும் உயிரோடு இருக்க வேண்டுமே” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

ஊருக்குப் போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் பேச்சு தடித்தால், எங்களில் ஒருவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்து நடுவில் போட்டுவிடுகிறார். அதில் அவர் வந்து உட்கார்ந்ததுபோல் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.