தோற்கச் சொன்ன கயிறிழுப்பு

அன்று வாவிக்கரை வெளியில் நின்றவர்கள் பதினாலு பேர். எங்கள் ஹாட்வெயார் கடைப் பக்கம் சாமான் ஏற்றும் நாலு பேர், லொறி ட்றைவர் நசீர் நானா, கயிற்றின் கடைசியில், எல்லாரிலும் மெலிந்த நான். எதிர்ப்பக்கம் கொக்கட்டிச்சோலை மேசன் தங்கராசா அண்ணனும் அவருடைய ஐந்து ஆட்களும். நடுவில் விசிலோடு கெஷியர் றஞ்சினி அக்கா. கதிரையில் முதலாளி.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடைக்கு வந்தவன் நான். இருபத்திரண்டு வருடமாக எவ்வளவோ சீமெந்து விற்றிருக்கிறேன். என் பயத்தை வாங்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அந்த வருடம் பயத்துக்குக் காரணமும் இருந்தது. எங்களுக்கு நேர் முன்னால் ஏசி போட்ட புதுக்கடை. தங்கராசா அண்ணன் மூன்று கிழமையாக எங்கள் பக்கம் வரவில்லை. "நல்ல மனிசன், நான் பொறுப்பு" என்று சொல்லி முதலாளியிடம் அவருக்குச் சீமெந்து கடனாக வாங்கிக் கொடுத்தவன் நான். எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய். அவர் கடை மாறினால் என் சம்பளத்தில்தான் கழியும்.

வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டு விளையாட்டு வைப்போம் என்றது றஞ்சினி அக்கா. முதலாளி சம்மதித்துவிட்டு, எங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"தோத்துப் போடுங்க. ஆனா வேணுமெண்டு தோக்கிறது தெரியப்படா."

"தவறி வெண்டுட்டா என்ன செய்ற, முதலாளி?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே, வேலு, உன்னக் கடைசியில நிப்பாட்டின."

விசில் ஊதியது. நாங்கள் ஆறு பேரும் முக்கினோம். எதிரே ஆறு பேரும் முக்கினார்கள். கயிறு நடுவில் தொய்ந்து மண்ணில் கிடந்தது.

"என்னகா இது? கயிறிழுக்க வந்தீங்களா, உடுப்புக் காயப்போட வந்தீங்களா?" என்றார் றஞ்சினி அக்கா.

நசீர் நானா சிரிப்பை அடக்க முடியாமல் குந்திவிட்டார். "தங்கராசா, நாங்க தோக்கத்தான் வந்த. நீங்க ஏன் இழுக்கல்ல?"

"முதலாளிக்குக் காசு குடுக்கக் கிடக்கு நானா. அவர்ர ஆக்கள விழுத்திப்போட்டு, மறுகா எந்த மூஞ்சோட சீமெந்து கேக்கிற?"

முதலாளி எழும்பினார்.

"அதுக்காகவா மூணு கிழமையாப் பின் ரோட்டால போறீங்க? நான் புதுக்கடைக்குப் போயிட்டீங்க எண்டெல்லோ நினைச்ச."

"ஏசிக் காத்துக்குப் போகலாம். கடன் தரமாட்டானே!"

முதலாளி சாரத்தை மடித்துக் கட்டி, எனக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். "இப்ப உண்மையா இழுங்கடா!" அந்தப் பக்கம் ஒரு ஆள் குறைகிறது என்று றஞ்சினி அக்கா மேசன்மாரோடு சேர்ந்தார். சம்பளம் கூட்டிக் கேட்டுக் கிடைக்காத அவருடைய கோபம் முழுவதும் அன்று கயிற்றில் தெரிந்தது. உண்மையாகவே தோற்றோம். நான் சேற்றில், முதலாளி என் முதுகில்.

இளம் ஆட்களுக்குச் சொல்கிறேன்: வாடிக்கைக்காரரை விளையாடக் கூப்பிட்டால் உண்மையாக விளையாடுங்கள். விட்டுக்கொடுத்த வெற்றியை ஆரும் பேசுவதில்லை. முதலாளியைச் சேற்றில் விழுத்திய கதையைச் சொல்லவென்றே தங்கராசா அண்ணன் இன்றைக்கும் கடைக்கு வருகிறார்.

அந்த விளையாட்டுக்கு அடுத்த திங்கள் அவர் முன் ரோட்டாலேயே வந்தார். "வேலு, முதுகு எப்பிடி?" என்று கேட்டு இருபதாயிரம் தந்தார். நான் பெருமூச்சு விட்டு முடியவில்லை, பத்து பேக் சீமெந்து கேட்டார், கடனுக்கு. முதலாளி, "எழுது" என்றார். பேக் இரண்டாயிரத்து நூறு படி எழுதிக் கூட்டினேன்.

நிலுவை, எண்பத்தேழாயிரத்து நானூறு ரூபாய்.