எனக்குக் கிடைத்த பிரசவ லீவு

கொட்டாஞ்சேனையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆசிரியர் சங்கத்தில் நான் பெயருக்குத்தான் உறுப்பினர். கூட்டம் என்றால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

ஒருமுறை பதவி உயர்வு நேர்முகப் பட்டியலில் என் பெயரைக் காணவில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். எழுதுவினைஞர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கணினியைப் பார்த்தார். நான் பிரசவ விடுமுறையில் இருக்கிறேனாம். முடிந்த பிறகு வரும்படி சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பெரிய மீசை வேறு.

வெட்கத்தில் இரண்டு நாள் யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சங்கச் செயலாளருக்குப் போன் எடுத்தேன். அவர் வெள்ளவத்தையில் சங்கீத ஆசிரியை. நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறார் என்று விளங்கியது.

"சேர், நாளைக்குப் பத்து மணிக்கு அங்க நில்லுங்கோ. நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், நான் கதைக்கிறன்."

மறுநாள் எழுதுவினைஞர் புதிதாக ஒரு விதி சொன்னார். விடுமுறையை ரத்துச் செய்ய, தாயே கையெழுத்திட்டுக் கடிதம் தரவேண்டும்.

செயலாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னைக் காட்டி, "தாய் இவர்தான்" என்றார் சிங்களத்தில்.

வரிசை முழுக்கத் திரும்பியது. உண்மையிலேயே கர்ப்பிணியாக இருந்த ஒரு டீச்சர் எழும்பி எனக்குத் தன் கதிரையைத் தந்தார்.

பிறகுதான் செயலாளர் குரலை உயர்த்தினார். பிழை அலுவலகத்தினுடையது, இவர் ஏன் கடிதம் எழுதவேண்டும் என்று கேட்டார். கோப்பை எடுப்பித்துப் பார்த்தபோது, மட்டக்குளியில் என்னுடைய முதலெழுத்துகளே உள்ள ஒரு டீச்சரின் விடுமுறை என் கணக்கில் விழுந்திருந்தது.

நான் நன்றி சொல்லி எழும்பினேன்.

"இருங்கோ சேர். அப்ப அந்த மட்டக்குளி டீச்சரின்ர லீவு எங்க?"

எங்கும் இல்லை. ஒரு மாதக் குழந்தையை வைத்திருந்த அவருக்கு, அறிவிக்காமல் வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு இரண்டு கடிதங்கள் போயிருந்தன. அந்தக் கடிதங்களை ரத்துச் செய்விக்கும் வரை செயலாளர் அசையவில்லை. என் அலுவல் முடிந்த சந்தோசத்தில் ஓடப் பார்த்த எனக்குத் தலை குனிந்துவிட்டது.

நேர்முகத்தில் தேறினேன். அடுத்த கூட்டத்தில் என்னை உபசெயலாளர் ஆக்கிவிட்டார்கள். இப்போது தெமட்டகொடையில் முப்பத்தொரு வயது சேர் ஒருவருக்கு, அவர் இளைப்பாறி ஓய்வூதியத்துக்குப் போய்விட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.