தேர் வராத தெரு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். பிரிசில்லா எதுவும் கேட்பதற்கு முன் தெருமுனையில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். சாக்கடை நாற்றம் அடித்தால் அவளுக்குப் பரவாயில்லை, மீன் வாடையும் பரவாயில்லை. புகை நெடி மட்டும் ஆகாது. அவள் மகள் அறிவுமதிக்கு நான்கு வயது, கைக்குழந்தையாக இருந்தபோதே வீசிங் ஒட்டிக்கொண்டது. மூக்கைச் சுளித்துக்கொண்டு தெருவில் நிற்கிறவளைப் பார்த்து, நகராட்சி சுகாதார அம்மாவோ என்று யாராவது நினைத்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

நானும் பிரிசில்லாவும் சிதம்பரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுக்கு ஒற்றை அறை வீடு. புருஷன் சேரன் செல்போன் டவர்களில் ரிப்பேர் வேலை பார்த்தான்; எந்த ராத்திரி எந்த ஊரில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. 2010இல் பிரிசில்லாவுக்குக் கடலூரில் நல்ல வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தினமும் பஸ்ஸில் போய்வரலாம்தான். ஆனால் நைட் டூட்டியில் அவள் அங்கே இருக்கும்போது இங்கே குழந்தைக்கு மூச்சு முட்டினால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில், காற்று சுத்தமான ஏரியாவில் வீடு வேண்டும். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மூவரும் கடலூரில் வந்து இறங்கினோம்.

முதுநகருக்குத் தெற்கே ஒரு வீட்டைச் சேரனும் பிரிசில்லாவும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருக்கிற இடம், சர்ச் பக்கம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சேரனுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் போன வாரம் பார்க்கப் போனபோது காற்று திரும்பி கெமிக்கல் கம்பெனிகளின் நெடி வந்தது, மதி இருமத் தொடங்கினாள், வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. அதோடு அந்த வீடு முடிந்தது. மிச்சம் இருந்தது மஞ்சக்குப்பம். ஆஸ்பத்திரி பக்கம், மரங்கள் உண்டு, கடல் காற்று உண்டு. கூடவே ஒரு கேள்வியும் உண்டு.

அந்தக் கேள்வி நேராக வராது. முதலில் பேர் கேட்பார்கள். சேரன் என்கிற பேரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சொந்த ஊர் எது என்பார்கள். அண்ணாகிராமம் பக்கம் என்றால், பக்கம் என்றால் எது என்பார்கள். அதையும் சொன்னால், ஊருக்குள் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் போதும், பிறகு பேச ஒன்றும் இருக்காது.

முதல் வீட்டில் அப்படித்தான் ஆனது. "நேத்துதாங்க ஒருத்தர் வந்து முடிச்சிட்டுப் போனாரு" என்றார் வீட்டுக்காரர். அவர் தலைக்கு மேலேயே 'வீடு வாடகைக்கு' போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வரலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டாவது வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு மணந்தது.

வெயில் ஏறியது. சேரனின் தோளில் கிடந்த மதியின் சட்டையைத் தூக்கி விலா எலும்புகளைப் பார்த்தாள் பிரிசில்லா. மூச்சு இழுக்கும்போது எலும்புகளுக்கு நடுவே சதை லேசாக உள்ளே போனது. அதற்கு என்ன அர்த்தம் என்று நர்ஸ்களான எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அடுத்த வூட்ல நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றான் சேரன்.

"என்னா மாமா பேசப் போற?"

"புள்ளையார் கோயில் தெருன்னு சொல்லப் போறேன். கேக்குறவங்க ஒழுங்காவா கேக்குறாங்க? நாம மட்டும் ஏன் ஒழுங்கா பதில் சொல்லணும்?"

பிரிசில்லா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிக்க. என்னைச் சொல்லச் சொல்லாத" என்றாள்.

மூன்றாவது வீடு பட்டம்மாளுடையது. மாடியில் இரண்டு அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், பின்னால் ஒரு வேப்பமரம். பிரிசில்லா வழக்கம்போல மூச்சை இழுத்தாள். அவள் முகம் தளர்ந்ததை அன்று முதல்முறையாகப் பார்த்தேன். ஜன்னல் ஓரமாக இறக்கிவிட்ட மதி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு சற்று அடங்கியது. பட்டம்மாள் தங்கமான மனுஷிபோலத்தான் இருந்தார். குழந்தைக்கு இருமல் என்றதும் தானே வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். கீழே கூடத்தில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்து, காபி போடுகிறேன் என்று அடுப்பில் பாலை ஏற்றினார்.

"நீ யாரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் கயல்விழி. இவங்க கூட வேலை பாக்குறேன். திருவதிகை. அப்பாவுக்கு முந்திரிக்கொல்லை இருக்கு" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு எப்போதுமே அது போதுமானதாக இருந்திருக்கிறது.

பிறகு சேரனிடம் திரும்பினார். ஊர் கேட்டார். சேரன் ஊரைச் சொன்னான். அந்த ஊர்ப் பேரை நான் எழுதப்போவதில்லை; எழுதினால் அங்கே மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும். ஊருக்குள் எங்கே என்றார். "புள்ளையார் கோயில் தெருங்க" என்றான் சேரன்.

பட்டம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே! எங்க சின்ன நாத்தனாரைக் குடுத்த தெருவாச்சே! அம்மன் தேருக்கு வருஷா வருஷம் வந்துடுவேன். அந்தத் தெருவுல வூட்டுக்கு ஒரு முறை உண்டே. தேரு வந்து நிக்கிறப்ப உங்க வூட்ல என்னா குடுப்பீங்க?"

நான் சேரனைப் பார்த்தேன். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். பிரிசில்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் பால் சூடாகிற சத்தம் கேட்டது.

"பொங்கலுங்க" என்றான் சேரன். "சக்கரப் பொங்கல்."

வெயிலில் வடம் பிடித்து இழுத்து வருகிறவனுக்குப் பானகம் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், விசிறி கொடுப்பார்கள். கொதிக்கக் கொதிக்கப் பொங்கலை யாரும் கொடுக்க மாட்டார்கள். தேர் வாசலில் நின்று பார்த்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். சேரன் சின்ன வயதில் வாய்க்கால் கரையில் நின்றுதான் தேரைப் பார்த்திருக்கிறான், அதுவும் கலசம் மட்டும். தேர் நிலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மிஞ்சிய பொங்கல் குண்டானில் அவர்கள் தெருவுக்கு வரும். அவனுக்குத் தெரிந்த தேர்த் திருவிழா அந்தப் பொங்கல்தான். பாவி, அதைத்தான் சொன்னான்.

"பொங்கலா?" என்றார் பட்டம்மாள். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. ஆனால் கண்கள் சேரனின் சட்டையிலிருந்து செருப்பு வரைக்கும் இறங்கிப் போய்த் திரும்பி வந்தன.

சேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பிரிசில்லா நிமிர்ந்தாள். "எங்க தெருவுக்குத் தேரு வராதும்மா. அதான் இவருக்குத் தெரியல" என்றாள்.

 

"அதுக்கு ஏம்மா பொய் சொல்லணும்?" என்றார் பட்டம்மாள், நிஜமாகவே வருத்தப்பட்டவர்போல.

"காலையில இருந்து உண்மையத்தாம்மா சொன்னோம். வூடு இல்லன்னுட்டாங்க. புள்ளைக்கு மூச்சு முட்டுது."

"நான் அதெல்லாம் பாக்குற ஆள் இல்ல. ஆனா ஊர்லேருந்து நாத்தனா வூட்டுக்காரங்க வருவாங்க போவாங்க... எங்க வூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. பட்டம்மாள் உள்ளே போய் அடுப்பை அணைத்தார், அப்படியே வாசல் கதவுப் பக்கமாக வந்து நின்றுகொண்டார். நாங்கள் எழுந்தோம். சேரனும் பிரிசில்லாவும் கேட்டைத் தாண்டிய பிறகு பட்டம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "உனக்கு வேணும்னா சொல்லும்மா. நீ வந்து இருக்கலாம்."

நான் கையை உருவிக்கொண்டேன். அந்த நேரத்துக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மறுநாள்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்கும் அது எரிச்சலாக இருக்கிறது.

தெரு திரும்புவதற்குள் மதிக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. உதட்டோரம் வெளுத்தது. பிரிசில்லா சேரனிடமிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு ஓடினாள். நாளைக்கு வேலைக்குச் சேர வேண்டிய ஆஸ்பத்திரிக்குள் இன்றைக்கு நோயாளியின் அம்மாவாக நுழைந்தாள். நெபுலைசர் மாஸ்க்கைத் தானே பிடித்துக்கொண்டு, குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சேரன் வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றான்.

"என் வாயாலதான் வூடு போச்சு" என்றான்.

"உன் வாயால போவல மாமா" என்றாள் பிரிசில்லா. "வூடு நம்மகிட்ட வரவே இல்ல."

மதி தூங்கிப்போனாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது குறுக்குத் தெரு ஒன்றில் இன்னொரு போர்டு தொங்கியது. போதும், முதுநகருக்கே போயிடலாம் என்றான் சேரன். பிரிசில்லா தெருமுனையில் நின்று மூச்சை இழுத்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு போய் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், பேர் ரத்தினம்மாள் என்று பிறகு தெரிந்தது. கையெல்லாம் இட்லி மாவு. அவர் வாயைத் திறப்பதற்கு முன் பிரிசில்லா முந்திக்கொண்டாள்.

"எங்க ஊர்ல எங்க தெருவுக்குத் தேரு வராதும்மா. வூடு காலியா இருக்கா?"

ரத்தினம்மாள் விழித்தார். "எந்தத் தேரு?" என்றார். பிறகு பிரிசில்லாவை, தூங்குகிற குழந்தையை, தள்ளி நின்ற சேரனை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் காலையிலிருந்து நடந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. இன்னொரு தடவை 'கேட்டுச் சொல்றேன்' வந்தால் பிரிசில்லா தாங்கமாட்டாள் என்று பயந்தேன்.

"நாப்பது வருஷம் டீச்சர் வேலை பாத்து இந்த வூட்டக் கட்டுனேன்" என்றார் ரத்தினம்மாள். "நான் பொறந்த தெருவுக்கும் தேரு வந்ததில்ல. தண்ணி மோட்டார் சத்தம் ஜாஸ்தியா இருக்கும், பரவால்லியா? புள்ளைய முதல்ல உள்ள கொண்டாந்து படுக்கப் போடு."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிரிசில்லா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, செருப்பை எங்கே கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டாள்.