கீழ்க்கட்டைக்கு ஒரு ஆள்

பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஒரு சின்னப் பொய்யை வருஷக்கணக்காகக் காப்பாற்றினாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அதுவும் ஓரகத்தி சின்னவளிடம் சொன்ன பொய், அதுவும் பியானோ விஷயத்தில்.

பியானோ அவர்களுடையதே அல்ல. முன்பு குடியிருந்தவர்கள் மாடிப்படி வளைவில் இறக்க முடியாமல் தலைமுழுகிவிட்டுப் போனது. அவர்கள் கணவன்மார், அண்ணன் தம்பி இருவரும், தங்கள் டயர் கடைச் சாமான்களை அதன்மேல் அடுக்கி வைத்தார்கள். அதே அறையில் தையல் மெஷின் போட்டிருந்த பெரியவள்தான் ஒருநாள் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தாள். நூலகத்திலிருந்து பாடக் கேஸட் ஒன்றைக் கொண்டுவந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மோடல் ஸ்கேல் என்ற சுரவரிசைகளைப் பழக உட்கார்ந்தாள்.

பார்த்தால் சுலபம். கறுப்புக் கட்டைகள் பக்கமே போக வேண்டாம். நம் ஸ ரி க போல டோ, ரே, மி என்று போகும் வெள்ளைக் கட்டைகளில் டோவில் தொடங்கி அடுத்த டோவில் முடித்தால் ஒரு ஸ்கேல். அதே கட்டைகளை ரேயில் தொடங்கி ரேயில் முடித்தால் வேறொன்று. மியில் தொடங்கினால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் என்றார் கேஸட் வாத்தியார். ஆனால் பெரியவளின் காது அவளைப் போலவே பிடிவாதம் பிடித்தது. எங்கே தொடங்கினாலும் டோவுக்கே ஓடியது. எல்லாம் ஒரே மாதிரி கேட்டன. தொடங்கிய சுரத்தைக் கீழே ஒரு கட்டையில் ஒலிக்கவிட்டுக்கொண்டே இருந்தால்தான் காது அங்கே தங்கும், அதை உங்கள் இடது கையால் அழுத்துங்கள் என்றார் வாத்தியார்.

பெரியவள் கேஸட்டை நிறுத்தினாள். கீழே சின்னவள் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் மதியம் வரை அவளுக்கு வேலை. அடுப்படியில் இருவரும் எலியும் பூனையும்தான். குழாயை யார் சரியாக மூடவில்லை என்பதற்குக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வீட்டில் பெரியவளுக்குப் பேசப் பிடித்த ஒரே ஆள் அவள்தான். அதை வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடவில்லை.

"இங்க வா, இதுக்கு ரெண்டு பேர் வேணுமாம்," என்று குரல் கொடுத்தாள்.

சின்னவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தாள். "என்ன பண்ணணும்க்கா?"

"இந்தக் கட்டைய அழுத்து. சத்தம் அடங்கினா மறுபடி அழுத்து. அவ்வளவுதான்."

அவள் அழுத்தினாள். பெரியவள் ரேயிலிருந்து ஏறினாள். அந்த ஸ்கேல் முதன்முதலாக வேறு முகம் காட்டியது. பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் தினமும் மதியம் அதுதான். தாங்களே பேர்கூட வைத்துக்கொண்டார்கள். மியில் தொடங்குவது 'மாமியார் வர்றாங்க'. ஏழில் கடைசிக் கட்டையில் தொடங்குவது எங்கேயும் போய் அடங்காது. அதற்கு 'வந்தும் வராத தும்மல்'. காலையில் சண்டை போட்டிருந்தாலும் சின்னவள் வருவாள், பேசாமல் உட்கார்ந்து அழுத்துவாள். அன்றைக்குக் கீழ்க்கட்டை கொஞ்சம் பலமாக ஒலிக்கும், அவ்வளவே. இன்று நினைத்துப் பார்த்தால் அந்த மதியங்களில்தான் தான் வாழ்ந்ததாகப் பெரியவளுக்குத் தோன்றுகிறது.

பிறகு தம்பி நகரத்தின் மறுகோடியில் தனிக் கடை போட்டார். சின்னவள் குடும்பம் அங்கே போவதாக முடிவாயிற்று. மூட்டை கட்டிய வாரம் முழுக்கப் பெரியவள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள். போகாதே என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கிளம்பும் நாளும் சின்னவள் மாடிக்கு வந்து பியானோ முன் உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டா இத யார் அழுத்துவா?" என்றாள் பெரியவள், திட்டுகிற குரலில்.

"உங்க இடது கை சும்மாதானேக்கா இருக்கு."

பெரியவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "உனக்குத் தெரியுமா?"

"எங்க ஸ்கூல்ல பியானோ இருந்துச்சு. படிப்பு முடியற வரைக்கும் வாசிச்சேன்."

"அடிப்பாவி! மொத நாளே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா அப்புறம் என்னைக் கூப்பிட்டிருப்பீங்களா?"

பெரியவள் வாய்விட்டு அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. கீழே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். சின்னவள் எழப் போனாள். பெரியவள் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தான் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

"லாரி நிக்கட்டும். நீ வாசி, நான் அழுத்தறேன்."